மாப்பிள்ளை பார்த்த சிவப்புக் கோடு

எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது. வீட்டில் குழாய் சொட்டினால்கூட வாஷரை மாற்றிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா. ஏனென்றால், என் கவனக்குறைவால்தான் அந்தச் சின்ன விமானத்தில் ஏதோ கழன்றுவிட்டது என்று கொட்டகையில் பேசிக்கொள்கிறார்களாம். அதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

என் தங்கையின் கணவர் அந்த விமானப் பயிற்சிப் பள்ளியில் பைலட். நான் அங்கேயே மெக்கானிக். என்னைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அதைச் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது. அன்று காலை, சார்ஜ் நின்றால் எரியும் எச்சரிக்கை விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்து அணைகிறது என்றார். எஞ்சின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது ஆல்டர்னேட்டர். அதிலிருந்து வரும் தடித்த வயரின் நட்டு தளர்ந்து, வயர் நுனி சூட்டில் கறுத்திருந்தது. கறுத்ததை வெட்டிவிட்டு, நுனியில் நட்டுக்குள் மாட்டும் புது வளையம் போட்டேன். நட்டை இறுக்கி, அதன் குறுக்கே சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தேன். நட்டு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். சுத்தமான வேலை.

முடித்துவிட்டேன் என்று சொல்லப் போனேன். அவர் மாணவர்களோடு நின்றிருந்தார். சாப்பாடு கொண்டுவந்த தங்கையும் பக்கத்தில் இருந்தாள்.

“எங்க மச்சான் கை வெச்ச நட்ட ஒரு தடவ பாக்காம நான் ஏறவே மாட்டேன்பா. வீட்டுக்காரியோட அண்ணனாப் போயிட்டாரு, துரத்தவும் முடியல.”

எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். அவளை நான் தப்பாக நினைக்கவில்லை.

கோபம் வந்ததா என்று கேட்கிறீர்கள். வந்தது. அந்த ஆளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். ஆனால் கோபத்தில் கை வைக்கிறவன் நான் இல்லை. டீ குடித்துவிட்டு, கை கழுவிவிட்டுத்தான் விமானத்துக்குப் போனேன். கோட்டைத் துடைத்தேன். நட்டைத் தளர்த்தினேன். தளர்ந்த நட்டின்மேல் புதுக் கோடு இழுத்தேன். எச்சரிக்கை விளக்கின் வயரையும் உருவிவிட்டேன். அது எரிந்தால் அவர் பாதி வழியிலேயே திரும்பிவிடுவார் இல்லையா?

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரி செத்தாலும் அந்த எஞ்சின் நிற்காது. ரேடியோவும் வழிகாட்டும் திரையும்தான் அணையும். மலைமேல் அன்று மழைமேகம் இறங்கியிருந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை.

எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்த்தபின் முதல் தடவை பறக்கும்போது, பழுது பார்த்தவனே பைலட்டின் பக்கத்தில் உட்கார வேண்டும். அதற்காகத்தான் டீ குடித்ததிலிருந்தே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை டார்ச் அடித்து நட்டைப் பார்த்தார். கோடு முழுசாக இருந்தது.

“ஏறுங்க மச்சான்.”

“சளி, மாப்பிள்ள. காது அடைச்சிருக்கு. மேல போனா தாங்காது.”

“பயந்தாங்கொள்ளி” என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டு அவர் தங்கை பக்கம் திரும்பினார். “நீ வரியா? மலைக்கு அந்தப் பக்கம் போயிட்டு வந்துடலாம்.”

அவள் முகமெல்லாம் பல்லாக என்னைப் பார்த்தாள். “போகட்டுமாண்ணா? நீதான சரி பண்ணின?”

“போயிட்டு வாம்மா” என்றேன். அவளுடைய பெல்ட்டை இழுத்துப் பார்த்து, கதவை நானே சாத்தினேன்.

தடுத்திருக்கலாமே என்கிறீர்கள். எப்படி? ஏன் என்று கேட்பார். எல்லோர் முன்னாலும் மூடியைத் திறக்கச் சொல்வார். அந்தக் கும்பல் மறுபடியும் சிரிக்கும். அதற்குள் எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டது.

நொறுங்கிக் கிடந்த விமானத்தை மலைச்சரிவில் கண்டெடுத்தார்கள். வளையலை வைத்துத் தங்கையை அடையாளம் காட்டியது நான்தான். அழுதேன் ஐயா. அங்கே இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

ஆமாம், நான்தான் செய்தேன். அந்த ஆள் சாக வேண்டும் என்றுதான் செய்தேன். அதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் எனக்குத் தங்கைமேல் பாசம் இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த இருக்கையில் நானே ஏறி, நானும் போய்ச் சேர்ந்திருந்தால், புருஷனை இழந்து நிற்கிறவளை யார் பார்த்துக்கொள்வார்கள்? அவளுக்காகத்தான் நான் ஏறவில்லை.