ஆறாவது பல்பு

எதிலும் நான் அவசரப்படுகிறவன் அல்ல, ஐயா. கப்பல் ஜெட்டியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ஜமீல் பாய் நிதானமானவர் என்பார்கள்.

என் கடை வாசலில் நிற்கும் எடை மெஷின் நாற்பது வருடப் பழசு. காசு போட்டால் கண்ணாடிக்குப் பின்னால் ஆறு கலர் பல்புகள் மாறி மாறி எரியும், எடை அச்சடித்த அட்டை விழும். போன வருடம் ஒரு பல்பு அணைந்தது. ஐந்து எரிந்து ஒன்று இருண்டிருந்தால், பார்ப்பவர் கண் அந்த இருட்டில்தான் போய் நிற்கும். சாப்பிடும்போதுகூட நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்குக் கப்பலில் மூன்று முறை பல்பு வரவழைத்தேன். முதலில் வந்ததன் கழுத்து தடிமன், திருகினால் ஏறவில்லை. அடுத்தது போட்டவுடன் கருகியது. மூன்றாவது எல்.இ.டி., ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஒரு வெளிச்சம்.

வண்டூரில் ஒச்சப்பன் அண்ணன் இருந்தார். மூடிப்போன ஓட்டல் ஒன்றிலிருந்து இதே மாதிரி மெஷினை வாங்கி வீட்டில் வைத்திருந்தார். கூடவே ஒரு பெட்டி நிறையப் பழைய பல்புகள். நான்கு முறை போய்க் கேட்டேன்.

"நஹி பாய். இது தீந்துட்டா எனக்கு எங்க கிடைக்கும்?" என்றார்.

நியாயமான பேச்சு. எனக்குக் கோபமே வரவில்லை.

ஐந்தாவது முறை போனபோது நல்ல மழை. அவர் மெஷினின் பின்கதவைத் திறந்து, ஈரத் தரையில் முட்டி போட்டிருந்தார். உள்ளே ஒயர்கள் தோலுரிந்து கிடந்தன.

"பாய், மெயின் சுவிட்ச் உங்க பக்கத்துலதான் இருக்கு. பந்த் பண்ணிட்டீங்களா?"

"பந்த் பண்ணியாச்சுண்ணே," என்றேன்.

நான் அதைத் தொடவில்லை.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. அவர் மனைவி பொன்னம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "பாய், மெயினை அணைங்க, அணைங்க," என்று கதறினார். முதலில் பல்புப் பெட்டியை எடுத்துப் பையில் வைத்தேன். பிறகு அணைத்தேன்.

விபத்து என்றே எழுதினார்கள். துக்க வீட்டுக்கு நாற்காலி ஏற்பாடு செய்தவன் நான்தான். மறுநாள் ஆறு பல்பும் எரிந்தன. வெகு நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

போன வாரம், கப்பலுக்குக் காத்திருந்த பொன்னம்மா தண்ணீர் வாங்க என் கடைக்கு வந்தார். அலமாரியில் இருந்த பெட்டியையும் அதன் மேல் எழுதியிருந்ததையும் பார்த்தார்.

"இது எங்க வீட்டுக்காரர் எழுத்து," என்றார்.

நான் மறுக்கவில்லை. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

மெயினில் கரண்ட் இருந்தது எனக்குத் தெரியும், ஐயா. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியில் இன்னும் நான்கு பல்பு மிச்சம். அதை அந்த அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள். அடுத்தவர் பொருள் எனக்கு வேண்டாம்.