நேரங்கெட்ட மணி

— கையெழுத்துப் போடுங்க டீச்சர். அந்த டிட்டுப் பயலை நாளைக்கே ப்ரஷோவ் டவுன் சீர்திருத்த விடுதிக்கு அனுப்பியாகணும்.

— வாங்க தலைவரே. அடுப்புப் பக்கம் உக்காருறீங்களா, ஜன்னல் பக்கமா?

— உக்கார வரல நான்! முட்டிவலின்னு ஆஸ்பத்திரிக்குப் போன எனக்குச் சாவு மணி அடிச்சிருக்கான் உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளை!

— அடுப்புப் பக்கமா, ஜன்னல் பக்கமா?

— ...அடுப்புப் பக்கம். ஊரே உறைஞ்சு கிடக்கு.

— உங்க பேரைச் சொல்லியா அடிச்சான்?

— நேரங்கெட்ட நேரத்துல மாதா கோயில் மணி அடிச்சா வேற என்னன்னு நெனைப்பாங்க? ஊர்ல ஆஸ்பத்திரிக்குப் போனவன் நான் ஒருத்தன்தான்! ஆளாளுக்கு மெழுகுவத்தியோட என் வாசல்ல! பஸ்ஸை விட்டு எறங்கி வீட்டுக்குப் போறேன், செத்தவனுக்குப் படைக்கிற கோதுமை வெந்து தட்டுல இருக்கு. மேல சர்க்கரையில என் பேரு!

— பாம்ஃபில்னு முழுசாவா?

— சிரிக்காதீங்க!

— சிரிக்கல. இந்தாங்க, வால்நட். பிள்ளைங்களுக்கு உடைக்கணும்.

— நான் என்ன பேசிட்டிருக்கேன், நீங்க என்ன... சுத்தியல் எங்க?

— உங்க கால்கிட்ட.

— அவனுக்குக் கோயில்ல என்ன வேலை?

— நான் சொல்லிக்கொடுத்ததுதான். கோபம் தலைக்கேறுனா யாரையும் கடிக்காதே, போய்க் கெணத்துல தண்ணி எறைன்னேன். அறுவடைக்கப்புறம் ஒருத்தரையும் கடிக்கல. இன்னிக்குக் காலையில கெணறு உறைஞ்சுபோச்சு. இழுக்க வேற கயிறு தேடியிருக்கான்.

— பிரமாதமான பாடம்! உங்களையும் சேத்தே அனுப்புறேன், இருங்க.

— அனுப்புங்க. ஆனா உங்க கோபம் மணி மேல இல்ல.

— பின்னே?

— வாசல்ல நின்னவங்க மேல.

— ...ஒருத்தர்கூட அழல டீச்சர். மச்சான் நிக்கோரா என் பதவிக்கு ஆள் பாத்துட்டிருந்தான். என் பொஞ்சாதி சர்க்கரை போதுமான்னு ருசி பாத்துட்டிருந்தா.

— வலிக்கத்தான் செய்யும்.

— வலிக்குது.

— ஒருத்தன் அழுதான்.

— யாரு?

— டிட்டு. தான் மணி அடிச்சதாலதான் நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சுட்டான். காலையிலேருந்து அந்தப் பெஞ்சுக்கு அடியில கிடந்து ஒரே அழுகை. நீங்க வந்து கத்துனப்புறம்தான் நிறுத்துனான்.

— எனக்காகவா அழுதான்?

— வேற யாருக்கு?

— ...அந்தக் காகிதத்தை இப்படிக் குடுங்க. அடுப்புல போடுறேன்.

— டிட்டு, வெளியில வா கண்ணு.

— அவருக்குக் கோபம் அடங்கிடுச்சா டீச்சர்? அப்ப நீங்க எனக்குக் குடுத்த சுத்தியலைத் திருப்பித் தரச் சொல்லுங்க.