புது நோட்டில் இருநூற்றுப் பதினொரு பேர்

பழைய நோட்டுகள் இடத்தை அடைத்துக்கொள்வது எல்லா ஆலைகளிலும் உள்ள தொல்லைதான் ஐயா. எங்கள் பருத்தி அரவை மில்லில் ஆள் பதிவேடுகள் இரண்டு பீரோக்களை நிரப்பிவிட்டன. மூன்றாவது பீரோவின் கதவை மூட முடியவில்லை. ஐம்பத்தோராம் வருஷத்திலிருந்து பதினேழு வருஷமாக அங்கே டைம் கீப்பர் நான். அப்பாசாமி எழுத்தில் அடித்தல் திருத்தல் இருக்காது என்று அருப்புக்கோட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மானேஜர் ராஜகுரு ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

“பெரியவரே, இதுல பாதிப் பேரு செத்தவுக, மீதியில பாதி வேலைய விட்டவுக. அவுகளுக்கெல்லாம் எதுக்குய்யா எடம்? இருக்கவுக பேர மட்டும் புது நோட்டுல ஏத்திட்டு, பழசப் பாய்லர்ல போட்டுருங்க.”

வேலை சுலபமானது. நின்றுபோனவர்கள் பெயரில் சிவப்புக் கோடு இருக்கும். அவர்களை விட்டுவிட வேண்டும். கோடு இல்லாத பெயரைப் புது நோட்டில் எழுத வேண்டும். பழையது எரிந்த பிறகு, புது நோட்டில் இல்லாத ஆள் மில்லில் இல்லாத ஆள்.

கோடு இல்லாதவர்களில் தவசியும் ஒருவன். பரளச்சிக்காரன், பஞ்சு மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் வேலை. என் மகள் நாகமணியைக் கூட்டிக்கொண்டு போய்த் தாலி கட்டியவன். நாங்கள் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். சௌடேஸ்வரி அம்மன் கோயிலில் முதல் மாலை எங்கள் வீட்டுக்குத்தான். அவள் வேறு சாதியில் கட்டிக்கொண்ட அந்த வருஷத் திருவிழாவில் எனக்கு மாலை வரவில்லை. யாரும் காரணம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

நான் எழுதிக்கொண்டிருந்தபோது தவசி ஜன்னலோரம் வந்து நின்றான்.

“மாமா, எழுத்து முத்து முத்தா இருக்கு. என் பேரக் கொஞ்சம் தடிமனா எழுதுங்க. ஆளுதான் எளைச்சுப் போயிட்டேன்.”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தனை பேர் நடுவில் மாமா என்றான்.

அறுபத்திரண்டாம் பெயரை எழுதியதும் பேனா நின்றது. அதற்கடுத்து தவசி வர வேண்டும். அந்த இடத்தில் ஒரு மைப்பொட்டு இருக்கும், பாருங்கள். நான் தவசிக்கு அடுத்தவன் பெயரை எழுதினேன். மொத்தம் இருநூற்றுப் பதினொன்று. திங்கட்கிழமை முதல் புது நோட்டுப்படி ஆளை உள்ளே விடுவார்கள். வாட்ச்மேன் அவனைத் திருப்பி அனுப்புவான். மானேஜர் என் எழுத்தைத்தான் நம்புவார். அவன் பிழைப்புத் தேடி எங்காவது போவான், மகள் வீடு திரும்புவாள். அவ்வளவுதான் நான் நினைத்தது. சனிக்கிழமை காலை பழைய நோட்டுகளை என் கையாலேயே பாய்லரில் போட்டேன்.

அன்று பிற்பகல் கிட்டங்கியில் தீப்பிடித்தது. பங்குனி வெயிலில் காய்ந்த பஞ்சு. இரும்புக் கதவை அடைத்துவிட்டால் காற்றில்லாமல் தீ உள்ளேயே அடங்கும். ஆனால் பெயர் வாசித்து ஆளைச் சரிபார்க்காமல் கதவை அடைப்பதில்லை என்பது எங்கள் மில் வழக்கம். கையில் இருந்தது புது நோட்டு. வாசித்தேன். புகையில் பக்கத்து ஆள் முகம் தெரியவில்லை. அவரவர் பெயருக்கு அவரவர் குரல் கொடுத்தார்கள். இருநூற்றுப் பதினொரு குரலும் வந்தது.

“எல்லாரும் வெளிய வந்தாச்சா பெரியவரே?” என்றார் மானேஜர்.

“நோட்டுல உள்ளவுக எல்லாரும் வந்தாச்சு.”

கதவை அடைத்தார்கள்.

செய்தி கேட்டு நாகமணி ஓடிவந்தாள். அதுவரை என்னிடம் கன்னடத்தைத் தவிர வேறு பேசியதில்லை. அன்று வேற்றாளிடம் கேட்பதுபோலத் தமிழில் கேட்டாள்.

“அவுக எங்கய்யா? அவுக பேரக் கூப்பிட்டீகளா?”

நான் நோட்டை நீட்டினேன். அவள் இரண்டு தரம் படித்தாள். மைப்பொட்டில் விரலை வைத்தாள். அப்புறம் என்னிடம் எந்தப் பாஷையிலும் பேசவில்லை.

தீக்குச் சற்று முன்னால் அவன் கூடையோடு கிட்டங்கிக்குள் போனதை ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். திரும்பி வந்ததைப் பார்க்கவில்லை. பெயர் வாசிக்கும்போது இது எனக்குத் தெரியும். கதவை அடைத்த பிறகு உள்ளேயிருந்து சத்தம் வந்ததா என்று கேட்கிறீர்கள். வந்தது. பருத்திக்கொட்டை வெடிக்கிறது என்று பக்கத்திலிருந்த தொழிலாளி சோலைச்சாமியிடம் சொன்னது நான்தான். நான்கு நாளாக என் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் எழுந்து திறக்கக் கால் வரவில்லை.

குற்றம் என்னுடையது. எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா: அந்த நோட்டில் நான் பொய்யாக ஒரு பெயர்கூட எழுதவில்லை.