கொஞ்சம் ஏத்துண்ணா

சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்பார்கள். நம்பாதீர்கள். அப்பாவின் சலவைக்கடைப் பின்னறையில் இருநூறு அட்டை ஒட்டினோம். அப்படியும் பக்கத்து வீட்டுக்காரர் தினம் வந்து கத்திவிட்டுத்தான் போனார். அந்த அறையில் பழைய கொதிகலன் ஒன்று கிடந்தது. எங்கள் ராக் குழுவுக்கு அந்தப் பெயரையே வைத்தோம். ஊரின் ராக் குழுக்களைப் பற்றிப் புத்தகம் எழுதுவதாகச் சொல்கிறீர்கள். கொதிகலனைப் பற்றியாவது சரியாக எழுதுங்கள்.

குழுவை ஆரம்பித்தவன் நான். முதல் இரண்டு வருடம் பாடியவனும் நான்தான். அது யாருக்கும் நினைவில்லை. ஒருநாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. எனக்குப் பதில் தம்பி பாடினான். டிரம்ஸ் அடிப்பவனை நாங்கள் இடி என்று கூப்பிடுவோம். அவன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "இவ்ளோ நாளா இவனை எங்கடா ஒளிச்சு வச்சிருந்த?" என்றான். நான்கே நாளில் என் தொண்டை சரியாகிவிட்டது. ஒருத்தனும் விசாரிக்கவில்லை. அண்ணன்தானே, விட்டுக்கொடுத்துவிட்டு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒலிப்பலகைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

மேடையில் டிரம்ஸ் சத்தத்தில் பாடுகிறவனுக்குத் தன் குரலே கேட்காது. அதற்காகக் காதில் இயர்போன் செருகிக்கொள்வான். அதில் எவ்வளவு சத்தம் போகிறது என்பது என் விரலில் இருந்தது. அளவுக்கு மீறினால் பிடித்து நிறுத்த லிமிட்டர் என்று ஒரு சின்னப் பெட்டியும் உண்டு. பாட்டுக்குப் பாட்டு தம்பி என் பக்கம் திரும்பி, "கொஞ்சம் ஏத்துண்ணா" என்பான். ஏற்றுவேன். கேட்டதைக் கொடுப்பதுதானே என் வேலை.

அப்போதுதான் தலைநகரத்துப் பெரிய குழு ஒன்று அவனை அழைத்தது. அடுத்த வருடம் அவர்கள் பாடகர் விலகுகிறார், அப்போது வந்து பாடிக் காட்டு என்றார்கள். "நீயும் வாண்ணா. அங்கயும் சவுண்டுக்கு ஆள் வேணும்ல, நான் சொல்லி வைக்கிறேன்" என்றான் தம்பி. என்ன பெருந்தன்மை பாருங்கள். நான் ஆரம்பித்த குழுவை அம்போவென்று விட்டுவிட்டு, போகிற போக்கில் எனக்கு ஒரு வேலையும் போட்டுக்கொடுக்கிறான். வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்.

மறுநாள் லிமிட்டரைக் கழற்றிப் பரணில் போட்டேன். அதன்பின் வாரத்துக்கு ஒரு கோடு. ஒலிப்பலகையில் அளவு கோடு கோடாகப் போட்டிருக்கும். ஒரு கோடு ஏறினால் எந்தக் காதுக்கும் தெரியாது. காது மந்தமாக மந்தமாக அவனே இன்னும் ஏற்றச் சொன்னான். பாதி வருடத்துக்குப் பிறகு நான் மெனக்கெட வேண்டியே இருக்கவில்லை.

காதுக்குள் ஓயாமல் விசில் அடிக்கிறது என்று ஒருநாள் சொன்னான். நானே டாக்டரிடம் கூட்டிப்போனேன். மறுநாள் ரிப்போர்ட் வாங்க நான் மட்டும் போனேன்.

"இன்னையோட மேடைய நிறுத்தச் சொல்லுங்க. அப்பத்தான் மிச்சம் இருக்கிறதாவது தங்கும்" என்றார் டாக்டர்.

கடை வாசலிலேயே தம்பி காத்திருந்தான். "என்னண்ணா சொன்னாரு?"

"அழுக்குதான்டா. வேற ஒண்ணுமில்ல."

"அப்பாடா" என்று சிரித்தான். அன்று மாலை ஒத்திகையில் இரண்டு கோடு ஏற்றினேன்.

தலைநகரத்தில் பாடிக் காட்டப் போனவனுக்கு முதல் வரியிலேயே சுருதி தப்பியது. நடுவில் நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். இப்போது அவனுக்கு ஒரு காது முழுதும் போய்விட்டது. இன்னொன்றும் முக்கால்வாசி போய்விட்டது. கடையில் இஸ்திரி போடுகிறான். அவன் காதைக் கெடுத்தவன் நான்தான், தெரிந்தே கெடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கொதிகலன் உடையவில்லை, அதையும் எழுதுங்கள். இடி போய்விட்டான், மற்றவர்களும் போய்விட்டார்கள், அது வேறு விஷயம். ஞாயிறுதோறும் பின்னறையில் நான் பாடுகிறேன். தம்பி எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். முடிந்ததும், "எப்படிடா?" என்று கையால் கேட்பேன்.

"பிரமாதம்ணா" என்பான்.

இத்தனை வருடத்தில் நான் நன்றாகப் பாடுகிறேன் என்று சொன்னவன் அவன் ஒருவன்தான்.