நாற்பத்து மூன்று டிகிரி

இப்போதெல்லாம் யாரும் பலகையைப் படிப்பதில்லை. கண்ணெதிரே தொங்கினாலும், அதன்மேலேயே துண்டைப் போட்டுவிட்டுத் தொட்டியில் இறங்குகிறார்கள்.

ஐயா, அந்த விடுதியின் வெந்நீர்த் தொட்டியைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறவன் நான். படித்தது மூன்றாவது வரைக்கும்தான். ஆனால் பலகையில் இருக்கிற ஐந்து விதியும் எனக்கு மனப்பாடம். நாற்பது டிகிரிக்கு மேல் சூடு கூடாது. கால் மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது. குடித்துவிட்டு இறங்கக் கூடாது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. ஐந்தாவதைப் பிறகு சொல்கிறேன்.

என் சம்பந்தி பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். அன்று மதியம் இரண்டு பீர் குடித்துவிட்டுத்தான் வந்தார். என் மகள் கல்யாணத்தில், வந்தவர்களிடமெல்லாம் என் தோளைத் தட்டி, "இவர்தான் எங்க வெந்நீர்க்காரர்" என்று சொன்ன மனிதர். மண்டபமே சிரித்தது. பதினோரு வருடமாக எனக்கு அதுதான் பெயர். பேரன்கூட வெந்நீர்த் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறான். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

துண்டைப் பலகைமேல் வீசிவிட்டு இறங்கினார்.

"என்ன சம்பந்தி, கொழந்தைக்கு ஊத்துற தண்ணியா இது? சூடே இல்லையே."

"கூட்டட்டுமா?"

"கூட்டுங்க. தெரிஞ்சது ஒரே வேலை, அதையாவது ஒழுங்கா செய்யுங்க."

கூட்டினேன். ஒரேயடியாகக் கூட்டினால் ஆள் துள்ளி வெளியே வந்துவிடுவார். ஒரு டிகிரி ஏற்றி, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்படி ஏற்றினால் உடம்புக்குத் தெரியாது. நாற்பத்து மூன்றில் நிறுத்திக்கொண்டேன்.

நடுவில் ஒருமுறை மணி கேட்டார். "இப்பத்தானே எறங்கினீங்க" என்றேன். சுவர்க் கடிகாரமும் அதையே காட்டியது. அதன் பேட்டரியை என் சட்டைப் பையிலிருந்து நீங்களே எடுத்தீர்கள். அவர் இறங்குகிற நேரத்துக்கு முள்ளைத் திருப்பிவிட்டு, காலையிலேயே கழற்றி வைத்தது.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. எழப் பார்த்தார், கால் நிற்கவில்லை.

"சம்பந்தி, தல சுத்துது. கையக் குடுங்க."

"இருங்க, துண்டு எடுத்துட்டு வரேன்."

அவர் துண்டு பலகைமேலேயே கிடந்தது. இருந்தாலும் வீட்டுக்குச் சம்பந்தி, சலவைத் துண்டு கொடுப்பதுதான் மரியாதை. அது நடைபாதைக் கோடியில் உள்ள அலமாரியில் இருக்கும். அங்கே துண்டெல்லாம் கலைந்து கிடந்தது, மடித்து அடுக்கினேன். பின்னால் இரண்டு தடவை தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் மோட்டார் சத்தம் மட்டும்தான்.

கொலை என்றுதான் எழுதுவீர்களென்றால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். "ஏம்பா ஓடிப் போய்த் தூக்கல?" என்று மகள் கேட்டு அழுகிறாள். அவளும் பலகையைப் படித்ததில்லை. ஈரத் தரையில் ஓடக் கூடாது, அதுதான் ஐந்தாவது. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேதான் போனேன். அதில் என்ன தப்பு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.