ஆள் புழங்காத இடம்

இந்த மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால் இங்கே இன்னொரு அலமாரி வைக்கலாம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் ஐயா, தொழில் புத்தி. எந்த அறைக்குள் போனாலும் வீணாகக் கிடக்கிற இடம்தான் முதலில் என் கண்ணில் படும். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுச் சமையலறையை நான் டேப் வைத்து அளந்ததை என் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். போன வாரம் வரைக்கும் சிரித்தாள்.

அலுவலகத்தில் எனக்கு 'மில்லி' என்று பட்டப்பெயர். மில்லிமீட்டர் கணக்கில் உயிரை எடுப்பவன் என்று அர்த்தம். நாங்கள் செய்வது டேட்டா சென்டர். பெரிய கட்டடம் எல்லாம் இல்லை, லாரியில் ஏறுகிற இரும்புப் பெட்டி. சர்வர், பேட்டரி, பேனல், குளிர்சாதனம் எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே பூட்டி அனுப்பிவிடுவோம். போகிற இடத்தில் இறக்கி வைத்து மின்சாரம் கொடுத்தால் ஓடும். வாங்குகிறவருக்கு வேண்டியது சர்வர் வைக்கிற இடம். மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற பேனலும், சூட்டையும் புகையையும் கவனிக்கிற கட்டுப்பாட்டுப் பேனலும் அவருக்கு வேண்டாத விருந்தாளிகள். அவற்றை எங்கே ஒடுக்கி உட்கார வைப்பது என்பதுதான் என் பிழைப்பு.

இந்த முறை இரண்டு பேனலையும் ஒன்றாக்கினேன். பெட்டியின் கடைசி மூலையில் ஒரே அலமாரி. உள்ளே கருவிகளை எல்லாம் இழுப்பறை மாதிரி ஒரு தட்டில் ஏற்றினேன், வேண்டும்போது வெளியே இழுத்துக்கொள்ளலாம். நான்கு சர்வர் அலமாரிக்கு இடம் மிச்சம். முதலாளி என் தோளில் தட்டினார். அவர் தட்டி நான் பார்த்ததே இல்லை.

அந்தப் பேனலின் கதவு திறந்தால் நடைவழி அடைபடும். வேலை செய்பவர் சுவர்ப் பக்கம், வாசல் அந்தப் பக்கம், நடுவில் கதவு. வெளியே வர வேண்டுமென்றால் சோதிக்க மாட்டிய மீட்டர் வயர்களைக் கழற்றி, தட்டை உள்ளே தள்ளி, கதவைச் சாத்திவிட்டு நடக்க வேண்டும். வரைபடத்தில் ஒவ்வொரு கதவும் எவ்வளவு தூரம் திறக்கும் என்று ஒரு வளைகோடு போடுவோம். அந்தக் கோடுகளைக் கணினியில் தனி அடுக்கில் வைத்திருந்தேன். அனுமதிக்கு அனுப்பும்போது அந்த அடுக்கை மட்டும் அணைத்தேன். பொய்யாக நான் ஒரு கோடுகூட வரையவில்லை.

தீயணைக்கிற வாயுவும் அப்படித்தான். நைட்ரஜன் மாதிரி வாயுக்களுக்குச் சிலிண்டர் நிறைய வேண்டும். கரியமில வாயுவுக்குக் குறைவாகப் போதும். ஆனால் அது நெருப்பை அணைப்பது போலவே ஆளையும் அணைத்துவிடும், அதனால் ஆள் வேலை செய்கிற அறையில் வைக்க விடமாட்டார்கள். வரைபடத்தில் அந்தப் பெட்டிக்கு நேரே 'ஆள் புழங்காத இடம்' என்று எழுதினேன். பழுது பார்ப்பது முழுக்க வெளியிலிருந்தே நடக்கும் என்று கீழே ஒரு குறிப்பு. அதோடு நடைவழி அகலம், இரண்டாவது வாசல் என்று அத்தனை விதிகளும் உதிர்ந்துபோயின.

பெட்டிக்குள் போய் வேலை பார்க்க எங்களிடம் இருந்த டெக்னீஷியன் என் மச்சினன். மனைவியின் தம்பி. வீட்டில் குட்டி என்போம், ஆள் என்னவோ வாசல் நிலையை அடைத்துக்கொண்டு நிற்பான். வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். தொழிற்சாலையில் முதல் தடவை உள்ளே போய்விட்டு வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்தான்.

"மாமா, உங்க ஒடம்ப அளவு வெச்சு வரைஞ்சிட்டீங்க. ஊருல எல்லாரும் உங்கள மாதிரி ஊதுவத்தியா இருப்பாங்களா?"

"நீ கொஞ்சம் சாப்பாட்டக் கொற."

"அது இருக்கட்டும். செல்போன்ல டைம் வெச்சுப் பாத்தேன். எல்லாத்தையும் மூடிட்டு வெளிய வர நாப்பத்தோரு செகண்டு ஆகுது. மணி அடிச்சா முப்பதுல கேஸ் வந்துரும்ல?"

பார்க்கலாம், பெட்டியை இறக்கிய பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றேன். நல்ல பிள்ளை, நான் சொன்னால் மறுபேச்சு பேசமாட்டான்.

வாங்குகிறவர்கள் சோதனை பார்க்க வந்த நாள் வெயில் கொளுத்தியது. சர்வருக்குப் பதிலாக ஹீட்டர்களை உள்ளே வைத்து, முழுச் சுமையில் ஓட்டிக் காட்ட வேண்டும். காலையிலிருந்து நன்றாக ஓடியது. அவர்கள் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துப் பேனலில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. ஏதோ வயர் தளர்ந்திருக்கும், இரண்டு நிமிட வேலை. குட்டியைக் கூப்பிட்டேன்.

ஆள் உள்ளே போகும்போது வாயு வராமல் பூட்டி வைக்க ஒரு சாவி உண்டு. அதைத் திருப்பினால் வாசலுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும், அவர்கள் டீ குடிக்கிற இடத்திலிருந்தும். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

"சாவி திருப்பியாச்சா மாமா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனான்.

"ம், போ போ," என்றேன்.

வாசல் கதவைச் சாத்தினேன். அவர்கள் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார்கள். அவர்களுடைய தலைமைப் பொறியாளர் வயதானவர், ஒன்றுவிடாமல் கேட்பவர். பழுது பார்க்க உள்ளே போக வேண்டுமா என்று கேட்டார். தேவையே இல்லை சார், எல்லாம் வெளியிலிருந்துதான் என்றேன். சொல்லிக்கொண்டே, குட்டியோடு பேச இடுப்பில் வைத்திருந்த வாக்கி டாக்கியின் ஒலியைக் குறைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது, மறைக்கவில்லை. முன்னே போனால் பொய் வெளியே வரும், பின்னே போனாலும் வெளியே வரும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாலும் நானும் மாட்டிக்கொண்டவன்தான். இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் மணி அடித்தது. புது ஹீட்டரில் படிந்திருந்த தூசி கருகிப் புகைந்திருக்கிறது, நெருப்பு எதுவும் இல்லை. இதுவும் சோதனையில் ஒரு பகுதி என்று பொறியாளர் நினைத்துக்கொண்டார். வாசலுக்குப் பக்கத்தில் இருந்த திரையில் முப்பது, இருபத்தொன்பது என்று எண் இறங்கியது. திரைக்குக் கீழே மஞ்சள் பொத்தான். அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரை வாயு வராது. குழந்தைகூட அழுத்தலாம்.

அழுத்தினால் ஏன் என்று கேட்பார். உள்ளே ஆள் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஆள் ஏன் உள்ளே போனார், ஏன் முப்பது வினாடியில் வர முடியவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அந்தப் பெட்டியோடு முடியாது. அதே வரைபடத்தில் இன்னும் பதினொரு பெட்டிகள் தயாராகிக்கொண்டிருந்தன.

பதினெட்டு இருக்கும்போது உள்ளிருந்து இரும்பில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"என்னங்க அது சத்தம்?" என்றார் பொறியாளர்.

"காத்து போற வழியெல்லாம் மூடிக்குது சார். கேஸ் வெளிய போகக் கூடாதுல்ல," என்றேன்.

"நல்லாத்தான் பண்ணிருக்கீங்க," என்றார்.

தட்டுகிற சத்தம் எட்டு வரைக்கும் இருந்தது. பிறகு நின்றது. தட்டை உள்ளே தள்ளுகிறான், வந்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் வேலையில் கெட்டிக்காரன். வாயு வந்த சத்தம் நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது.

வாயு வந்த பிறகு அரை மணி நேரம் பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது விதி. அதை நான் மீறவில்லை. அவர்களை அலுவலகத்துக்கு அழைத்துப்போய்ச் சோதனைத் தாள்களில் கையெழுத்து வாங்கினேன். தீயணைப்பு ஏற்பாடு திருப்தி என்று பொறியாளரே தன் கையால் எழுதினார். அதற்குப் பிறகுதான் போய்த் திறந்தேன். ஒரு கை பேனல் கதவுக்கும் எதிரே இருந்த பேட்டரிக்கும் நடுவே இந்தப் பக்கம் வந்திருந்தது. கை மட்டும் வருகிற அளவுக்குத்தான் இடைவெளி.

நீங்க எங்க நின்னீங்க என்று என் மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள். வெளியே என்றேன். அது உண்மைதான்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பொத்தான் எனக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கேட்டீர்கள். மறுநாள் போய் டேப் வைத்துப் பார்த்தேன். நான் நின்ற இடத்திலிருந்து முந்நூற்று எண்பது மில்லிமீட்டர். அது மட்டும்தான் ஐயா என் தப்பு. இன்னும் ஒரு நூறு மில்லி கிட்டே வைத்திருந்தால் கண்டிப்பாக அழுத்தியிருப்பேன்.