பதினொரு மணித் தபால்

க்ளேட்டன் அவர்களுக்கு,

எங்கள் சாலையில் தபால் காலை பதினொரு மணிக்கு வரும். பனி கொட்டினாலும் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமாகாது. கடையை மூடிய இந்த ஆறு ஆண்டுகளில் ஒரு நாள்கூட நான் அதை எடுக்கத் தவறியதில்லை. வாசலிலிருந்து சாலையோரப் பெட்டிவரை நூற்றிருபது தப்படி. டை கட்டிக்கொண்டுதான் போவேன். யாராவது காரில் கடந்து போகலாம். போகிறவர்கள் ஸ்டோர்லி குடும்பத்து ஆளை ஒழுங்கான உடையில் பார்க்கட்டும்.

உங்கள் கடிதமும் அந்த நேரத்துக்குத்தான் வந்தது. உறையில் ‘தோ’ என்ற ஓரெழுத்தும் சாலை எண்ணும் மட்டும் இருந்தன. அது என் மகள் தோரா. கடிதத்தை நான் பிரித்தேன். ஜனவரியில் நீங்கள் எல்லோரும் அனுப்பிய உறைகள் கிடைத்தனவா என்று கேட்டிருக்கிறீர்கள். அவளால் பதில் எழுத இயலாது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

உறைகள் வந்தன. பதிமூன்றும் வந்தன.

உங்கள் கூட்டத்தைப் பற்றி நான் முதலில் கேள்விப்பட்டது இரண்டரை ஆண்டுகளுக்கு முன், ஓர் அக்டோபர் ஞாயிற்றுக்கிழமையில். ஆராதனை முடிந்து தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் சபையின் ஆர்டிஸ் தன் கைபேசியைத் தோழி வெர்னாவிடம் காட்டிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இதைக் கேளுடி. கரண்டிக்காரின்னு ஒருத்தி, கடனை எப்படி அடைக்கிறேன்னு மாசாமாசம் எழுதுறா. அவ அப்பா காப்பி வடிகட்டுற தாளைக் கொடியில காயப்போட்டு மறுநாளும் அதுலயே வடிகட்டுவாராம். ஆனா தபால் எடுக்கப் போகும்போது மட்டும் டை கட்டிப்பாராம்.”

“கவர்னர்கிட்டேருந்து கடுதாசி வரும்னு காத்திருக்காரோ என்னமோ.”

“எந்த ஊருன்னு போடல. ஏரி இருக்கு, பள்ளிக்கூடச் சமையலறை இருக்கு. நம்ம பக்கம் மாதிரியேதான் தோணுது” என்றாள் ஆர்டிஸ். வெர்னா என் கழுத்தைப் பார்த்தாள். “ஏங்க ஆர்விட், உங்களுக்குத் தெரிஞ்சு இப்படி யாராவது இருக்காங்களா?”

“டை கட்டுறது தப்புன்னு இதுவரைக்கும் யாரும் எனக்குச் சொல்லல, வெர்னா.”

“அடடா, நான் பொதுவாத்தாங்க கேட்டேன்.” அவள் என் தட்டில் இன்னொரு எலுமிச்சை இனிப்புத் துண்டம் வைத்தாள். எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றிப் பரிதாபப்பட்டால் கேட்காமலே இனிப்பு வைப்பார்கள். எழுபத்தெட்டு வயதுவரை என் தட்டில் அப்படி யாரும் வைத்ததில்லை.

கடையிலிருந்து கொண்டுவந்த கணினி என் மாடி அறையில் இருக்கிறது. அந்த வாரத்திலேயே கரண்டிக்காரி இணையத்தில் எழுதியது அத்தனையையும் படித்தேன். அது என் மகள்தான். தோரா பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள். மணவிலக்குக்குப் பிறகு என்னோடுதான் இருந்தாள். மாலையில் சமையலறை மேசையில் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருப்பாள். பள்ளிக் கணக்கு என்று நினைத்திருந்தேன். சில நாட்களாகவே அவள் வேலை செய்யும்போது வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தாள். அதன் காரணம் அன்றுதான் தெரிந்தது. அவள் எழுதியதற்குக் கீழே நீங்கள் எல்லோரும் எழுதியிருந்தீர்கள். “கலக்கிட்ட கரண்டி.” “இந்த மாசம் நானூறா? நீ மனுஷியா இல்ல டிராக்டரா?” நாற்பத்திரண்டு வயதில் என் மகளுக்குப் பதிமூன்று தோழர்கள் கிடைத்திருந்தார்கள். ஒருவர் முகமும் அவள் பார்த்ததில்லை.

அவள் என்னைப் பழிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓரிடத்தில் இப்படி எழுதியிருந்தாள்: “அப்பா டை கட்டுறதப் பாத்து நான் சிரிக்கல. அவர் என்னிக்காவது கட்டாம வெளிய போனா எனக்குப் பயமாயிடும்.” நல்ல வாக்கியம்தான். ஆனால் அதை ஆர்டிஸ் படித்திருக்கிறாள்.

உங்கள் வழக்கங்களை உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எல்லோரும் தங்கள் மீதிக் கடனை எழுதுவீர்கள். யாருக்கும் பெயர் கிடையாது, புனைபெயர்தான். கடன் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியதும் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் தாளை உறையிலிட்டு, ஒரு வரி எழுதி அனுப்புவீர்கள். பெற்றவர் ஒரு வாரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அந்தத் தாள்களும் கடைசித் தவணையில் சேரும். கடன் பூஜ்யமான அன்று அவர் தன் பெயரையும் முகத்தையும் ஊரையும் போட்டு முழுக்கதையையும் எழுதுவார். நீங்களும் அப்படித்தான் க்ளேட்டன் ஆனீர்கள்.

இந்தக் கடைசி வழக்கம்தான் எங்களுக்கு ஒத்துவரவில்லை.

முழுக்கதை என்றால் எங்கள் விவசாயக் கருவிக் கடையின் கதை. ‘ஸ்டோர்லியும் மக்களும்’ என்ற பலகை எழுபத்தொரு ஆண்டுகள் பிரதான வீதியில் தொங்கியது. என் தந்தை மாட்டியது. கடைசி இரண்டு குளிர்காலங்களில் விதைப்புக் கருவிகள் அனுப்பியவர்களுக்குப் பணம் கட்ட வழியில்லை. வங்கி எனக்குக் கடன் தருவதை நிறுத்தியிருந்தது. தோராவின் கடன் அட்டைகள் பாக்கியில்லாமல் சுத்தமாக இருந்தன. ஒரு ஞாயிறு மாலை கடைக்குப் பணம் வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். அவள் கேட்டதெல்லாம், “எவ்வளவுப்பா?” என்பது மட்டும்தான். முப்பத்தெட்டாயிரத்து நானூறு டாலர். கடையை மூடும்போது ஓய்வு பெறுகிறேன் என்று செய்தித்தாளில் போட்டேன். கேக் வெட்டினார்கள். அட்டைகளில் இருந்த கையெழுத்து அவளுடையது, ஆகவே கடனும் அவளுடையது. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. அவள் தன் பியானோவை விற்றாள். வார இறுதிகளில் முதியோர் இல்லத்தில் துணி துவைத்தாள். தன் பக்கத்தில் ஓரிடத்தில்கூட இது யாருடைய கடன் என்று எழுதவில்லை. “என் கடன், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல” என்று எழுதியிருந்தாள். ஆனால் முழுக்கதை என்றால் முழுக்கதைதானே.

எழுதுவதை நிறுத்து என்று அவளிடம் நேரே சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொன்னால், நான் படித்தேன் என்பது தெரிந்துவிடும். படித்தது தெரிந்தால், அந்த ஞாயிறு மாலையைப் பற்றி இருவரும் பேச வேண்டிவரும். நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஆகவே நானும் உங்களோடு சேர்ந்தேன். உங்கள் பட்டியலில் பதினைந்தாவதாக வந்த ‘பொத்தான் டப்பா’ நான்தான். டுலூத் நகரத்து விதவை, கண் சிகிச்சைக்குப் பன்னிரண்டாயிரம் கடன். அந்தக் கடனை நான்தான் கற்பனை செய்தேன் என்றாலும் அதை மாதந்தோறும் ஒழுங்காகக் குறைத்துவந்தேன். என் கூட்டல் கழித்தலில் யாரும் பிழை கண்டதில்லை. முதல் தேதி காலையில் எழுந்ததும் கணினிமுன் உட்காருவேன். நீங்கள் எல்லோரும் வாழ்த்துவீர்கள். அந்த வாழ்த்துகள் எனக்குப் பிடித்திருந்தன, அதை மறைக்கமாட்டேன். கடையை மூடிய பிறகு வேறு யாரும் என்னை எதற்கும் வாழ்த்தியதில்லை.

தோராவுக்கு என்னை மிகவும் பிடித்துப்போயிற்று. பொத்தானம்மா என்று கூப்பிடுவாள். தனியாக எழுதுவாள். “பொத்தானம்மா, இன்னிக்கு முன்னூறு பிள்ளைங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு ஹாட்டிஷ் செஞ்சேன், ஒருத்தன் மட்டும் தேங்க்ஸ் சொன்னான், அவனுக்குக் கட்டிக்குடுக்க எனக்குப் பொண்ணு இல்லையே.” கீழே சமையலறையில் அவள் தட்டும் ஓசை கேட்கும். சற்று நேரத்தில் மாடியில் என் திரையில் அது வந்து நிற்கும். நான் பதில் அனுப்பினால் கீழே அவள் சிரிப்பது கேட்கும். இருபத்தாறு மாதம் ஒரே வீட்டில் அப்படி நாங்கள் பேசிக்கொண்டோம். அதற்கு முன் அவ்வளவு பேசியதில்லை.

இந்த ஆண்டு ஜனவரி முதல் தேதி அவள் மீதி தொள்ளாயிரத்து நாற்பது என்று எழுதினாள். நீங்கள் அவளிடம் முகவரி வாங்கி எல்லோருக்கும் அனுப்பினீர்கள்.

ஐந்தாம் தேதி முதல் உறை வந்தது. பதினேழாம் தேதி கடைசி உறை. தபாலை எடுக்கிறவன் நான்.

“அப்பா, எனக்கு ஏதாவது வந்திருக்கா?”

“விளம்பரத் தாள்தான்.”

தினமும் கேட்டாள். ஒரு நாள் பள்ளியிலிருந்து தொலைபேசியில் கேட்டாள். பின்னால் பாத்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன. “சின்ன உறையா இருக்கும்ப்பா, கையால எழுதியிருக்கும். பெட்டிக்குள்ள கையை விட்டு நல்லாப் பாத்தீங்களா?”

“நல்லாத்தான் பாத்தேன்.”

“சரிப்பா. பனியில தபால் லேட்டாகுமில்ல.”

ஒரு வாரம் கடந்தது. அவளிடமிருந்து நன்றி வராததால் நீங்கள் எல்லோரும் உள்ளூர வருந்தத் தொடங்கினீர்கள். அப்போது பொத்தான் டப்பா உங்களுக்குத் தனியாக எழுதினாள், கரண்டிக்காரி தன்னிடம் இருநூறு டாலர் கடன் கேட்டதாக. உங்களிடையே மன்னிக்கப்படாத காரியம் அது ஒன்றுதான். கேட்டவரிடம் யாரும் பேசுவதில்லை, விளக்கமும் கேட்பதில்லை. விளக்கத்தில்தான் பிச்சை ஆரம்பிக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். “நிச்சயமாத் தெரியுமா அம்மா?” என்று மட்டும் கேட்டீர்கள். நிச்சயம் என்றேன். பிப்ரவரிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. உங்களை நான் குறை சொல்லவில்லை. நீங்கள் விதி தவறாதவர்கள் என்று நம்பித்தான் அதைச் செய்தேன்.

அவள் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. டாலர் ஏன் வரவில்லை என்று கேட்பது பணம் கேட்பது ஆகிவிடும் அல்லவா. அவளும் விதி தவறாதவள். பிப்ரவரியில் அறுநூற்று இருபது, மார்ச்சில் முன்னூறு என்று தனியே எழுதிக்கொண்டிருந்தாள். கீழே யாரும் எழுதவில்லை. பாடுவது நின்றது. நான் கவனித்தேன்.

“பொத்தானம்மா, நான் என்ன தப்பு பண்ணேன்னு உங்களுக்காவது தெரியுமா?”

மனிதர்கள் அப்படித்தான், அந்தப் பக்கத்தையே மூடிவிடு என்று எழுதினேன்.

“மூடிட்டு? காலைல எதுக்கு எழுந்திரிக்கிறது?”

அப்படியானால் எழுதிக்கொள், பெயரை மட்டும் போடாதே, உன்னை ஒதுக்கியவர்களுக்கு எதற்கு உன் முகம் என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள். நான் வேண்டியது அவ்வளவுதான். அதோடு முடிந்துவிட்டதென்று நினைத்தேன்.

ஏப்ரல் முதல் தேதி “பூஜ்யம்” என்று ஒரு சொல் மட்டும் எழுதினாள். அன்று இரவு உணவில் ஒரு சின்ன கேக் இருந்தது. “என்ன விசேஷம்?” என்றேன். “ஒண்ணுமில்லப்பா, சர்க்கரை மிஞ்சிச்சு” என்றாள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். பூஜ்யத்துக்குக் கீழே மூன்று நாட்கள் யாரும் எதுவும் எழுதவில்லை. பொத்தான் டப்பாவும் எழுதவில்லை. எழுதியிருந்தால் மற்றவர்கள் கண்ணில் பட்டிருக்கும்.

நான்காம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்குப் பள்ளியிலிருந்து வந்தாள். கீழே தட்டும் ஓசை கேட்டது.

“பொத்தானம்மா இருக்கீங்களா? சமையலறையில உக்காந்திருக்கேன். அப்பா மாடியில இருக்கார். போய்ச் சொல்லலாம்னா எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. யாராவது ஒருத்தர் பேசினாப் போதும். இருக்கீங்களா?”

‘இருக்கிறேன்’ என்று தட்டினேன். பிறகு அழித்தேன். விதவையாக என்ன எழுதினாலும் அவள் இன்னொரு கேள்வி கேட்பாள் என்று தோன்றியது. கீழே இறங்கிப் போகலாம். எங்கள் மாடிக்குப் பதினான்கு படிகள். நாற்காலியிலிருந்து எழுந்து கதவுவரை போனேன். கீழே போய், எதைக் கேள்விப்பட்டு வந்தேன் என்று சொல்வது? கதவின் குமிழைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. என் கை அதைத் திருப்பவில்லை. நான் திருப்ப விடவில்லை என்று சொல்வதா, என்னால் திருப்ப முடியவில்லை என்று சொல்வதா என்று அதன்பின் பல நாட்கள் யோசித்திருக்கிறேன்.

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்குப் போனேன். எங்கள் வாசலிலிருந்து வலப்பக்கம் திரும்பினால் ஊர். இடப்பக்கம் திரும்பினால் படகுத்துறை, அதற்கப்பால் ஏரிதான். உறைந்த ஏரிமேல் நிற்கும் மீன்பிடிக் குடில்களை மார்ச்சிலேயே கரைக்கு இழுத்துவிடுவார்கள். ஏப்ரலில் ஏரிமேல் உறைபனி இளகிச் சாம்பல் நிறமாகிவிடும். அதன்மேல் கால் வைக்கக் கூடாது என்று இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். அவள் இடப்பக்கம் திரும்பினாள். நான் பார்த்தேன்.

தொலைபேசி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஷெரிப்பின் காவல் அலுவலகத்தில் அந்த நேரத்தில் தொலைபேசியை எடுப்பவன் வெர்னாவின் மகன். ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்பான். இரவு உணவுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் எழுதிய கடைசி வரி திரையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வெளிச்சம் போகும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஏரியில் நடந்ததை விபத்து என்று எழுதினார்கள். செய்தித்தாளிலும் அப்படியே வந்தது. அடக்கத்தன்று அடித்தளக் கூடத்தில் இடம் போதாத அளவுக்குக் கூட்டம். ஆர்டிஸ் அழுதாள். கரண்டிக்காரி ஏன் எழுதுவதில்லை என்று அவள் வெர்னாவிடம் கேட்டதாகவும் தெரியவில்லை. எங்கள் பெயரை யாரும் எதற்காகவும் தாழ்த்திப் பேசவில்லை.

தோராவின் கணக்கு பூஜ்யத்தில்தான் முடிந்தது. அதை உங்கள் பட்டியலில் திருத்தி எழுதுங்கள். அவள் யாரிடமும் கடன் கேட்டதில்லை. என்னிடம்கூடக் கேட்டதில்லை. இந்தக் கடிதத்தை மற்றவர்களுக்குக் காட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். காட்டினால் குடும்பப் பெயரை மட்டும் அடித்துவிடுங்கள்.

பதிமூன்று உறைகளையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். பொத்தான் டப்பாவும் ஒரு டாலர் அனுப்பக் கடமைப்பட்டவள் என்பதால் அதையும் சேர்த்துப் பதினான்கு. எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் பணத்தை எங்கள் குடும்பத்தில் யாரும் வைத்துக்கொண்டதில்லை.

ஆர்விட் ஸ்டோர்லி